தாழ்தளம்

ஓஸ்ட்ராவாவில், முப்பத்தேழாம் தடத்தில்,
என் பேருந்து ஒரு நாளைக்கு இருநூறு முறை மண்டியிடும்.
பொத்தானை அழுத்துவேன். உஸ்ஸென்று மூச்சு விட்டு
வலத்தோளைச் சரித்து நடைமேடையைத் தொடும்.
ஊன்றுகோல், குழந்தை வண்டி, முட்டைக்கோஸ் பை
எல்லாம் ஏறிய பிறகு முனகாமல் எழும்.
பதினோரு வருடம் இதைப் பார்த்ததில் ஓர் ஆசை:
என்னுடைய பழைய ஃபாபியாவும் இப்படிப் பணிய வேண்டும்.
யாருக்காகவும் இல்லை.
சும்மா.

"சும்மாவுக்கு நாற்பதாயிரம் கொருனாவா?" என்றான் ராதிம்,
பக்கத்து கராஜ்காரன், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன்.
கேட்டுவிட்டு ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தான்.

சுருள்வில்லைக் கவ்வியால் நெருக்கிக் கழற்றும்போது
இருவருமே பேசவில்லை.
அது தெறித்தால் முகம் மிஞ்சாது.
வெளியே வந்த வில்லில்
பன்னிரண்டு குளிர்காலத்துச் சாலை உப்பு.
அதன் இடத்தில் ரப்பர் பை.
உதிரிச் சக்கரம் படுத்திருந்த குழியில்
காற்றுத்தொட்டி, கம்ப்ரசர், வால்வுகள்.
அதிர்வு தெரியாமலிருக்க ராதிம்
ஒரு யோகா பாயைத் துண்டு போட்டு அடியில் ஒட்டினான்.
யாருடைய பாய் என்று நான் கேட்கவில்லை.
மறுநாள் அவன் மனைவி கேட்டாள்.

குழாயை நேராக நறுக்க ஒரு கருவி விற்கிறது,
இருநூறு கொருனா.
ராதிம் ரொட்டிக் கத்தியால் நறுக்கினான்.
"நேர்தானே?"
"நேர்தான்" என்றேன் நானும், பசியில்.

எட்டு பார் ஏறியதும் பொத்தானை அழுத்தினேன்.
வண்டி இறங்கியது.
விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு
பெல்ட்டைத் தளர்த்திச் சாய்கிற ஆள் மாதிரி.
நாங்கள் கைதட்டினோம். நாய் குரைத்தது.

காலையில் இடது பின்பக்கம் மட்டும் தரையில்.
ஒரு செருப்பு அறுந்தவன் நிற்பதுபோல.

பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து
ஒவ்வொரு மூட்டாகத் தடவிக்கொண்டு போனோம்.
கடைசி மூட்டில்
கடுகளவு குமிழி ஒன்று, பெருத்து, உடைந்து,
மறுபடி அதே இடத்தில் கடுகாகி.
"ரொட்டிக் கத்தி" என்றேன்.
ராதிம் கூரையைப் பார்த்தான்.

பிறகு ஆறு மாலைகள்
வீத்கோவிட்சே பக்கத்துக் கல்பாவிய தெருவில்.
காற்றைக் குறைத்தால் பள்ளந்தோறும் அடித்தண்டில் இடி,
கூட்டினால் மாட்டுவண்டி.
முன்னே நாலரை, பின்னே மூன்று,
அதிர்வடக்கியில் முப்பது கிளிக்கில் பன்னிரண்டு.
அளவுமானி: ராதிமின் கையில் முக்கால் கோப்பை பீர்.
முதல் நாள் அவன் கால்சட்டை நனைந்தது.
ஆறாம் நாள் மீசை மட்டும்.

அது ஆகஸ்ட். தினமும் இடிமழை.
கம்ப்ரசர் அந்தக் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

ஜனவரியில் மைனஸ் பதினாறு.
அதிகாலை மூன்றே முக்கால்.
அழகுக்காக இரவில் தாழ்த்தி நிறுத்தியிருந்தேன்.
மானி எட்டு காட்டுகிறது. வண்டி எழவில்லை.
வால்வுக்குள் பனிக்கட்டி.
தொட்டியின் ஈரத்தை வாரம் ஒருமுறை வடிக்கச் சொல்லி
கையேட்டில் இருந்தது.
படித்திருந்தேன். வாரங்கள்தான் என்னைக் கேட்காமல் போயின.

டிப்போவுக்கு நடந்தேன்.
பாதி வழியில் இரவுப் பேருந்து எனக்காக நின்றது,
நிறுத்தமே இல்லாத இடத்தில். ஓட்டகர் ஓட்டி வந்தான்.
என்னைப் பார்த்தான், என் பூட்ஸைப் பார்த்தான்,
எதுவும் கேட்காமல் பொத்தானை அழுத்தினான்.
முழங்கால் இரண்டும் நன்றாயிருக்கிற எனக்கு
பன்னிரண்டு மீட்டர் பேருந்து
உஸ்ஸென்று பணிந்தது.
திங்கட்கிழமைக்குள் டிப்போ முழுக்கத் தெரிந்துவிடும்.
ஏறினேன். என்ன செய்ய?

ஞாயிறன்று, தலைமுடி உலர்த்தியைப் பிடித்து உருக்கி
வடிகுழாயைத் திறந்தேன்.
அத்தனை அமர்க்களத்துக்கும்
இரண்டு கரண்டித் தண்ணீர், தேநீர் நிறத்தில்.
பனியில் ஊற்றினேன்.
சின்னதாக ஒரு குழி விழுந்தது.